ஃபோர்க்கை வாங்குங்கள், ஃபிரேமை மட்டும் செய்யுங்கள்: சின்ன டிராக்டர் லோடர் வைத்திருப்பவர்களுக்கு

சென்னையைச் சுற்றி, செங்குன்றம், திருவள்ளூர், திருப்போரூர் பக்கம் நர்சரியோ தோட்டமோ ஹாலோ பிளாக் யூனிட்டோ நடத்துபவர்கள் சிலர் சின்ன டிராக்டரில் முன்பக்க லோடர் மாட்டி ஓட்டுகிறார்கள். பக்கெட்டில் மண்ணும் எருவும் அள்ளிப் பழகியபின், பாலட்டில் (சரக்கை அடுக்கிவைக்கும் மரத்தட்டு) வரும் சரக்கையும் இதிலேயே இறக்கிவிடலாமே என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. வில்லங்கம் அதற்கடுத்துதான். பக்கத்துப் பட்டறையில் 20 மி.மீ. ஃபிளாட்டை (தட்டையான இரும்புப் பட்டை) எல் வடிவத்தில் பற்றவைத்து, பாலட்டுக்கு அடியில் நுழையும் ஃபோர்க் கரமாக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, காய்வதற்குள் அரை டன்னைத் தூக்கிப் பார்க்கிறார்கள். முதல் நாள் தூக்கியும் விடுகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஃபோர்க் கரங்களைச் செய்யாதீர்கள், வாங்குங்கள். அவற்றைத் தாங்கும் ஃபிரேமைத் தாராளமாக நீங்களே செய்யலாம். இரண்டுக்கும் முன்னால் ஒரு காகிதத்தில் எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்குப் போட்டவர்களில் சிலருக்கு லோடரில் ஃபோர்க்கே வேண்டாம், டிராக்டரின் பின்பக்கம் போதும் என்று தெரிந்துவிடும்.

600 கிலோ லோடர் எவ்வளவு தூக்கும்?

லோடர் விற்பவர் 600 கிலோ என்று சொன்னால், அது பெரும்பாலும் பக்கெட்டை லோடர் கையோடு இணைக்கும் ‘பின்’ (pin) இருக்கும் இடத்தில் தூக்கும் எடை. அதிலும் பக்கெட்டே இல்லாத வெறும் கையின் கணக்காக இருக்கலாம். பாலட் அந்தப் பின்னின்மேல் உட்காருவதில்லை, அதற்கு முன்னால் தள்ளி உட்காருகிறது. ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து சரக்கின் எடைமையம் 500 மி.மீ. தள்ளியிருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் சிறிய ஃபோர்க்லிஃப்ட்டுகளின் வழக்கம். 1200க்கு 1000 மி.மீ. பாலட்டின் பாதி அகலம் அது.

ஒரு உதாரணம். லோடர் கை டிராக்டரோடு சேரும் மூட்டிலிருந்து பக்கெட் பின்வரை 1800 மி.மீ. என்று கொள்வோம். பின்னிலிருந்து ஃபோர்க் முகத்துக்கு 150 மி.மீ., அங்கிருந்து எடைமையத்துக்கு 500 மி.மீ. ஆக மூட்டிலிருந்து 2450 மி.மீ. 600ஐ 1800ஆல் பெருக்கி 2450ஆல் வகுத்தால் சுமார் 440 கிலோ. இதில் ஃபோர்க்கும் ஃபிரேமும் சேர்ந்த சொந்த எடை கழிய வேண்டும். அது 100 கிலோ, அதன் எடைமையம் பின்னிலிருந்து 250 மி.மீ. தள்ளி என்றால், பாலட் இருக்கும் இடத்தில் அதன் பங்கு 84 கிலோ. மிச்சம் 350 கிலோ சொச்சம். மரப் பாலட்டுக்கு ஒரு 25 கிலோ போனால், 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறு ஏற்றலாம். 600 கிலோ லோடரில் ஆறு மூட்டை, அவ்வளவுதான்.

இது பக்கெட் சிலிண்டர் லோடர் கையின்மேலேயே உட்காரும் சாதாரண லோடருக்கான கணக்கு. தூக்கும் சிலிண்டர் தாங்கினாலும் பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டர் முதலில் கைவிரிக்கலாம். ஃபோர்க் முனை தானாக முன்பக்கம் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டர் திணறுகிறது என்று பொருள். உடனே, ஹைட்ராலிக் பிரஷர் வரம்பு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை முறுக்கி பிரஷரை ஏற்றச் சொல்லும் ஆலோசகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டால் அடுத்து ஹோஸோ, லோடர் கை டிராக்டரோடு சேரும் பிராக்கெட்டோ பதில் சொல்லும். அந்த வால்வில் கை வைக்காதீர்கள்.

பக்கெட் உதட்டில் கிளாம்ப் போட்டு மாட்டும் ஃபோர்க்கில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். உதடே பின்னிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. மேலே சொன்ன அதே லோடரில் 90 கிலோ பக்கெட்டும் 50 கிலோ கிளாம்ப் ஃபோர்க்கும் மாட்டினால் பாலட்டோடு சேர்த்து 270 கிலோதான் தேறும். ஐந்து மூட்டைக்கே மூச்சு வாங்கும். உதடோ மண்ணை வெட்டப் போட்ட தகடு. ஒரு கிளாம்ப் அதன் நடுவில் ஒற்றைப் புள்ளியில் நெம்பினால் அலை அலையாக வளைந்துவிடும். செடித் தொட்டி, காலிப் பெட்டி, விறகு போன்ற லேசான சரக்குக்கு மட்டும் கிளாம்ப் ஃபோர்க் சரி. அதற்கும் இரண்டு ஃபோர்க்குக்கும் நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும், ஒவ்வொரு கிளாம்பிலிருந்தும் பக்கெட்டின் பின்பக்கக் கொக்கிக்கு இழுத்துக் கட்டிய சங்கிலியும் வேண்டும். சங்கிலி இல்லாவிட்டால் பின்னால் வரும்போது ஃபோர்க் பாலட்டில் சிக்கிக் கிளாம்ப் கழன்று வரும்.

பின்சக்கரம் தரையில் இருக்கிறதா?

ஹைட்ராலிக் தூக்குகிறது என்பதால் டிராக்டரும் தாங்கும் என்று அர்த்தமில்லை. லோடரோடு சேர்த்து 1100 கிலோ டிராக்டர், முன் அச்சில் 550, பின் அச்சில் 550, இரு அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைப்போம். முன் அச்சிலிருந்து 1.5 மீட்டர் முன்னால் ஃபோர்க்கும் சரக்குமாக 450 கிலோ தொங்கினால், பின் அச்சிலிருந்து 450 கிலோ குறைந்து 100 கிலோதான் தரையில் அழுந்தும். முன் அச்சில் 1450 கிலோ ஏறிவிடும்.

இந்த 100 கிலோவில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டூ வீல் டிரைவ் டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரம் தரையைப் பற்றவில்லையென்றால் பிரேக்கை மிதித்தும் பயனில்லை. சரிவில் இறங்கும்போது வண்டி தன்பாட்டுக்கு ஓடும். இன்னொன்று, முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி அமைந்தது. எடை முழுக்க அதன்மேல் போய்விட்டால் டிராக்டர் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்க அநேகமாக எதுவும் இல்லை. பாரத்தை உயரத்தில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தால், ஒரு சக்கரம் வரப்புப் பள்ளத்தில் இறங்கினாலே போதும்.

தீர்வு பெரிய செலவில்லாதது. பின்பக்க மூன்று புள்ளி இணைப்பில் (கலப்பை மாட்டும் இடம்) ஒரு கான்கிரீட் கட்டை. அரை மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட கனசதுரம் வார்த்தால் 300 கிலோ வரும். பின் அச்சிலிருந்து 0.9 மீட்டர் பின்னால் அதைத் தொங்கவிட்டால் பின் அச்சில் 480 கிலோ கூடும். நம் உதாரணத்தில் 100 கிலோ 580 ஆகிவிடுகிறது. முன் அச்சில் 180 கிலோ குறையவும் செய்கிறது. டயரில் தண்ணீர் நிரப்புவது நல்லதுதான். ஆனால் அது பின் அச்சின்மேலேயே உட்காருவதால் முன் அச்சுக்கு எந்த ஆறுதலும் தராது. கட்டை அச்சுக்குப் பின்னால் தொங்குவதால்தான் நெம்பி முன்பக்கத்தைத் தூக்குகிறது.

கட்டை போட்ட பிறகும் முன் அச்சில் 1270 கிலோ நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் டிராக்டரின் முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பது கம்பெனி கையேட்டில் இருக்கும். அதற்குமேல் போனால் முதலில் முன்சக்கர ஹப் பேரிங், பிறகு நடுப்பின் புஷ் என்று தேயும். அந்த எண் குறைவாக இருந்தால் சரக்கைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஃபோர்க் கரத்தை ஏன் பற்றவைக்கக் கூடாது

வெறும் வலிமைக் கணக்கில் பார்த்தால் மைல்ட் ஸ்டீல் ஃபிளாட் அவ்வளவு மோசமில்லை. 350 கிலோ, 500 மி.மீ. தள்ளி. பாலட் கோணலாக ஏறினால் ஒரே ஃபோர்க் முழு எடையையும் வாங்கும் என்று வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 100 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன் ஃபிளாட்டில் அப்போது வரும் தகைவு (இரும்பின் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் விழும் விசை) சுமார் 257 மெகாபாஸ்கல். சந்தையில் கிடைக்கும் ஐ.எஸ். 2062 இ 250 தரம் சுமார் 250இலேயே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். ஆகவே 20 மி.மீ. கிடையவே கிடையாது. 25 மி.மீ. என்றால் 165, 32 மி.மீ. என்றால் 100. தடிமன் இருமடங்கானால் வலிமை நான்கு மடங்காகும், அதனால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் சேரும்.

அப்படியானால் 32 மி.மீ. ஃபிளாட்டில் செய்யலாமே என்பீர்கள். தடிமன் போதும், மூலைதான் போதாது. படுத்திருக்கும் பிளேடும் நிமிர்ந்த ஷேங்க்கும் சேரும் ஹீல் மூலையில்தான் வளைவு விசை உச்சத்தில் இருக்கிறது. அந்த மூலையின் உள்பக்கம் ஒவ்வொரு தூக்கலிலும் இழுபடுகிறது. சரியாக அங்கேயே வெல்டிங் ஓரம் விழுகிறது. இழுவிசை உச்சத்தில் இருக்கும் இடத்தில், பற்றவைப்புச் சூட்டில் தன்மை மாறிய இரும்பும், வெல்டிங் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அரித்த அண்டர்கட் பள்ளமும் ஒன்றாகக் கூடுகின்றன. ஆயிரம் தடவை தூக்கும்போது விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நடக்கும். வெளியே பெயின்ட்டில் ஒரு மெல்லிய துருக்கோடு மட்டும் தெரியும். பிளேடை ஷேங்க்கின் முகத்தில் முட்டவைத்து ஒட்டியிருந்தால் இன்னொரு கேடும் உண்டு: சந்தைப் பிளேட் தடிமன் திசையில் இழுபட்டால் அடுக்கடுக்காக உரியும், வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மூலையில் முக்கோணத் தகடு வைத்து பலப்படுத்துகிறார்கள். அது உள்பக்கம் இருந்தால் பாலட் ஷேங்க்கில் போய் முட்டாது. 100 மி.மீ. தகடு எடைமையத்தை 100 மி.மீ. முன்னால் தள்ளும். பலப்படுத்துவதாக நினைத்து பாரத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

புதுப்பேட்டையில் லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டை வாங்கி ஃபோர்க் செய்வது இன்னொரு பழக்கம். பட்டை முரட்டுத்தனமாகத் தெரியும், உண்மையிலும் முரடுதான், பற்றவைக்கும்வரை. ஸ்பிரிங் ஸ்டீலில் கார்பன் அதிகம். சாதாரண ராடில் ஒட்டினால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே கண்ணாடியைப் போல் உடைகிற ஒரு பட்டை உருவாகும். தண்டவாளத் துண்டும் அதே ரகம். அதோடு 52 கிலோ ரயில் என்றால் மீட்டருக்கே 52 கிலோ. ரயில்வே சொத்தைக் கையில் வைத்திருந்த வழக்கு தனி. எந்த இரும்பு என்று சந்தேகம் இருந்தால் கிரைண்டரில் வைத்துப் பாருங்கள். மைல்ட் ஸ்டீலில் தீப்பொறி நீளக் கோடாகப் போகும். கார்பன் ஏற ஏற அந்தக் கோடுகள் நுனியில் பூவாக வெடிக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கிண்டியில் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. சோதனை மையம் இருக்கிறது.

பழைய ஃபோர்க் வாங்கும்போது

ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் ஒரே துண்டு அலாய் ஸ்டீலை வளைத்து, வெப்பப் பதனம் செய்தது. மூலையில் ஒட்டு கிடையாது. பழைய ஃபோர்க்லிஃப்ட் உதிரிபாகம் விற்கும் இடங்களில் ஜோடியாகவே கிடைக்கும். ஷேங்க்கின் பக்கத்திலோ மேலேயோ தாங்கும் எடையும் 500 என்ற மைய தூரமும் குத்தப்பட்டிருக்கும். முத்திரை தேய்ந்துபோன ஃபோர்க்கை மலிவு என்று எடுக்காதீர்கள்.

பெரியதாக வாங்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் இங்கே தவறு செய்யவைக்கிறது. 100க்கு 40 மி.மீ. குறுக்களவு, 1070 மி.மீ. நீளம் என்றால் ஒரு ஃபோர்க்கே 50 கிலோ, ஜோடி 100. நம் உதாரண லோடரின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு ஃபோர்க்கைத் தூக்கவே போய்விடும். 80க்கு 30 மி.மீ. குறுக்களவு, 900 மி.மீ. நீளம் என்றால் ஒன்று சுமார் 25 கிலோ. நாம் தூக்கப்போகும் 350 கிலோவுக்கு அது தாராளம். நீளம் கூடினால் இன்னொரு தொல்லையும் சேரும்: முனை பாலட்டைத் தாண்டி வெளியே நீட்டி, பின்னாலிருக்கும் அடுக்கைக் குத்தும்.

வெர்னியரைக் (தடிமன் அளக்கும் கருவி) கையோடு எடுத்துப் போங்கள். ஷேங்க்கின் தேயாத இடத்தில் தடிமனை அளந்து, அடுத்து ஹீலுக்குச் சற்று முன்னால் பிளேடில் அளக்கவும். தரையில் உரசி உரசித் தேய்வது அந்த இடம்தான். 10 சதவீதம் தேய்ந்திருந்தால் ஃபோர்க் சோதனைக்கான சர்வதேச ஐ.எஸ்.ஓ. 5057 விதிப்படி அது பணிக்கு லாயக்கில்லை. 40 மி.மீ. 36 ஆனால் வலிமையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். மூலை மட்டத்தை வைத்துப் பார்த்து ஹீல் விரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். புதிதில் இருந்த கோணத்திலிருந்து 3 டிகிரிக்கு மேல் விலகினால் தள்ளிவிடலாம். இரண்டையும் சேர்த்து நிறுத்தும்போது முனைகளின் உயர வித்தியாசம் பிளேடு நீளத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் பிளேடு என்றால் 30 மி.மீ. ஹீலில் பற்றவைத்த தடமோ, கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்திய நீலக்கறையோ தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பூசியிருந்தாலும் அப்படித்தான்.

வாங்கிய பிறகு ஹீலையும் மேல் கொக்கியின் அடிமூலையையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து டை பெனெட்ரன்ட் அடித்துப் பாருங்கள். கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்பிரே. சாயம் அடித்து 10 முதல் 20 நிமிடம் விட்டு, துணியில் துடைத்து, டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். சாயத்தைத் துடைக்கும்போது கிளீனரை நேராகப் பரப்பில் அடித்தால் விரிசலுக்குள் போனதும் கழுவிப்போகும். துணியில் அடித்துத் துடைக்க வேண்டும்.

ஃபிரேம்

கையில் ஃபோர்க் வந்த பிறகுதான் இரும்பு வெட்ட வேண்டும். கொக்கி மாட்டும் ஃபோர்க்குகளை அவை மாட்டும் சட்டத்தின் உயரத்தை வைத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள். இரண்டாம் வகுப்புக்கு, மேல் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து கீழ்ச் சட்டத்தின் அடிவிளிம்புவரை 407 மி.மீ. மூன்றாம் வகுப்புக்கு 508 மி.மீ. முதல் வகுப்பு இதைவிடச் சிறியது. பழையதில் கொக்கி தேய்ந்திருக்கும் என்பதால் கையிலிருப்பதை அளந்து, அதற்கு 1 முதல் 2 மி.மீ. லூஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

சாத்தங்காடு இரும்புச் சந்தையில் ஃபிளாட்டும் சேனலும் எடைக்கு வாங்கலாம். 75க்கு 25 ஃபிளாட் மீட்டருக்கு 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 900 மி.மீ. அகல ஃபிரேமுக்கு மேலும் கீழும் ஒன்றொன்று, இரண்டு செங்குத்துச் சட்டங்கள் 75 மி.மீ. சேனல், லோடர் பின் நுழையத் துளையிட்ட நான்கு காதுத் தகடுகள். எல்லாம் சேர்ந்து 45 முதல் 50 கிலோவுக்குள் முடித்துவிடலாம். செங்குத்துச் சட்டத்தை லோடர் கைகளுக்கு நேராக வையுங்கள். ஃபிரேமின் ஓரத்தில் வைத்தால் மேல் சட்டம் நடுவில் வளையும். மேல் சட்டம் வாங்கும் விசையைப் பலர் குறைத்து எண்ணுகிறார்கள். 350 கிலோ பாரம் அரை மீட்டர் தள்ளி நின்றால், 400 மி.மீ. உயர ஃபிரேமில் மேல் சட்டத்தைக் கிடைமட்டமாக இழுக்கும் விசை மட்டும் சுமார் 440 கிலோ. பள்ளத்தில் இறங்கி ஏறினால் இருமடங்கு.

கொக்கி உட்காரும் விளிம்பின் சாய்வை கேஸ் கட்டிங்கில் கொண்டுவர முயலாதீர்கள். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டில் மில்லிங் போடுபவரிடம் கொடுத்தால் நேராக வரும். மேல் சட்டத்தில் ஃபோர்க்கின் பூட்டுப் பின் விழ, 75 அல்லது 100 மி.மீ.க்கு ஒன்றாகக் காடி வெட்டவும். சட்டத்தின் இரு முனையிலும் ஸ்டாப்பர் கட்டாயம். இது இல்லாத ஃபிரேமில் பக்கச் சரிவில் போகும்போது ஃபோர்க் வழுக்கிக்கொண்டே போய் ஓரத்தில் கழன்று விழும்.

காதுக்கு 16 மி.மீ. பிளேட் போதும். பின் துளையை டிரில் செய்யுங்கள், கேஸில் ஊதாதீர்கள். ஊதிய துளை வட்டமாக இருக்காது, பின் ஒரு புள்ளியில் மட்டும் உட்கார்ந்து நாளடைவில் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். துளை மையத்திலிருந்து விளிம்புக்குப் பின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இரும்பு இருக்க வேண்டும். போல்ட் போட்டு இணைக்கும் இடங்களில் தலையில் 8.8 என்று குத்தியதை மட்டும் வாங்குங்கள். எதுவும் குத்தாத ஹார்டுவேர் கடை போல்ட் வாசல் கேட்டுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

சென்னைக் காற்றும் 7018 ராடும்

பட்டறையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது 6013 ரக வெல்டிங் ராடு. ஜன்னல் கிரில்லுக்கு அது போதும். பாரம் தாங்கும் இணைப்புக்கு 7018 வேண்டும், அதுவும் காய்ந்த 7018. கடலோரக் காற்றில் பிரித்துப்போட்ட பாக்கெட் சில மணி நேரத்தில் ஈரம் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் போய், குளிர்ந்த பிறகு விரிசல் விடும். உடனே தெரியாது, 48 மணி நேரம்கூட ஆகலாம். 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் சுட்டு, கையடக்க ஓவனிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். வெயிலில் காயவைப்பது ஓவனுக்கு ஈடாகாது.

25 மி.மீ. ஃபிளாட்டை வெறுமனே ஒட்டாதீர்கள். ஓரத்தைக் கிரைண்டரில் சாய்த்து, 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு, 3.15 மி.மீ. ராடில் வேர் ஓட்டம் (அடியில் போடும் முதல் வெல்டிங்) போட்டு, ஸ்லாக்கை (மேலே படியும் கசடு) சுத்தமாக உதிர்த்த பிறகு அடுத்த ஓட்டம். மழைநாளில் இரும்பின்மேல் ஈரப்படலம் இருக்கும், டார்ச்சில் காய்ச்சிவிட்டே தொடங்குங்கள். ஓட்டத்தை மூலையில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டு வந்து முடியுங்கள். விரிசல் பிறப்பது தொடங்கிய, நிறுத்திய இடங்களில்தான்.

ஃபோர்க் மேல் மட்டும் ராடு படக் கூடாது. ஸ்டாப்பர் வைக்கவோ வளையம் ஒட்டவோ யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். எர்த் கிளாம்பைக்கூட ஃபோர்க்கில் கவ்வ வேண்டாம். ஒரு சின்னத் தீப்பொறித் தழும்பே விரிசலுக்கு விதையாகிவிடும்.

முதுகுத் தடுப்பு

விட்டுவிடுவதற்கு ஆசையாக இருக்கும், விடக் கூடாத பாகம் இதுதான். சாதாரண லோடரில் கை மேலே போகப் போக ஃபோர்க் தானாகப் பின்பக்கம் சாயும். ஓட்டுநர் சாய்வைத் திருத்த மறந்தால், வைக்கோல் கட்டோ குழாய்க் கட்டோ மேல் மூட்டையோ லோடர் கை வழியாக உருண்டு நேராக அவர் மடிக்கு வரும். கேபினும் ரோல்பாரும் இல்லாத சின்ன டிராக்டரில் நடுவில் தடுக்க ஸ்டியரிங் மட்டுமே உண்டு. ஃபோர்க்கின் மேல்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்துக்கு, சரக்கில் மிகச் சின்ன உருப்படி நுழைய முடியாத இடைவெளியில், 40 மி.மீ. சதுரக் குழாயில் தடுப்பு செய்யுங்கள். 12 முதல் 15 கிலோ கூடும். அந்த எடையைச் சரக்கில் கழித்துக்கொள்ளுங்கள், தடுப்பைக் கழிக்காதீர்கள்.

பின்பக்கம் மாட்டினால்

பாலட்டை லாரித் தளத்துக்கு ஏற்ற வேண்டாம், களத்துக்குள் இங்கிருந்து அங்கே நகர்த்தினால் போதும் என்றால் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் ஃபோர்க்கே புத்திசாலித்தனம். உயரம் சுமார் அரை மீட்டர்தான் கிடைக்கும். ஆனால் பாரம் பெரிய சக்கரத்தின் பக்கம் இருக்கிறது, பிரேக் பிடிக்கும் சக்கரத்தில் எடை ஏறுகிறது, முன்னால் பார்வை மறைவதில்லை. முதல் வகுப்பு (கேட்டகரி 1) மூன்று புள்ளி இணைப்புக்குக் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. லோடர் முன்னால் மாட்டியே இருந்தால் அதன் எடை எதிர்ப்பாரமாகிவிடும். லோடரைக் கழற்றியிருந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் மிஞ்சும்படி முன்பக்க வெயிட் போடுங்கள்.

சோதனையும் அதற்குப் பிறகும்

வெல்டிங் முடிந்து இரண்டு நாள் கழித்து எல்லா இணைப்பிலும் டை பெனெட்ரன்ட். அதன்பின் பாரச் சோதனை. பின்னால் கான்கிரீட் கட்டை மாட்டி, சமதளத்தில், கணக்கில் வந்த எடையைவிட 25 சதவீதம் கூடுதலாக ஏற்றி, தரையிலிருந்து 150 மி.மீ. மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். 350க்கு 440 கிலோ. சுற்றி ஆள் நிற்கக் கூடாது. தூக்குவதற்கு முன் மேல் சட்டத்திலும் ஃபோர்க் முனையிலும் சென்டர் பஞ்ச் குத்தி இடைத்தூரத்தை அளந்து எழுதிவைத்தால், இறக்கிய பிறகு நிரந்தர வளைவு 1 மி.மீ. இருந்தாலும் பிடிபடும். இருந்தால் அந்த ஃபிரேம் தோல்வி. நிமிர்த்திப் பயன்படுத்தும் பேச்சே வேண்டாம்.

தேறியதும் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒரு தகடு: இவ்வளவு கிலோ, ஃபோர்க் முகத்திலிருந்து 500 மி.மீ.யில், பின்கட்டையோடு மட்டும். பாரம் தூக்கும் இயந்திரங்களில் பாதுகாப்பான எடையைக் குறிப்பதும், 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிப்பதும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த நடைமுறை. தோட்டத்துக்கு யாரும் சோதிக்க வரமாட்டார்கள்தான், அந்த நடைமுறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது பாரம் தரையிலிருந்து ஓர் அடிக்குள், ஃபோர்க் லேசாகப் பின்சாய்ந்து, நடை வேகம். சரிவில் பாரம் மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும், அதாவது இறங்கும்போது பின்னோக்கியே இறங்குங்கள். மாங்காய் பறிக்கவோ பல்பு மாட்டவோ ஃபோர்க்கில் ஆளை ஏற்றாதீர்கள். சாதாரண டிராக்டர் லோடரில் ஹோஸ் வெடித்தால் கையைப் பிடித்து நிறுத்தும் வால்வு பெரும்பாலும் இருப்பதில்லை.

மாதம் ஒருமுறை ஹீலைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், பின்களுக்குக் கிரீஸ் வையுங்கள், காதுத் துளை லூஸாகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை வெர்னியர். 10 சதவீதம் தேய்ந்த அன்று ஜோடியாகவே மாற்றிவிடுங்கள். கழித்த ஃபோர்க்கை பழைய இரும்புக்குப் போடுவதற்குமுன் ஹீலில் கேஸ் வைத்து இரண்டாக அறுத்துவிடுங்கள். முழுசாகப் போட்டால் அடுத்த வாரம் புதுப் பெயின்ட்டோடு வேறொருவர் அதையே வாங்கிப்போவார்.